கரைய வேண்டிய துண்டு

அப்பாவின் படகைக் கெடுத்தது நான்தான்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு லுமுட்டில் ஒரு பழைய படகை வாங்கினார் அப்பா. சனிக்கிழமை ஆனால் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். படகு எப்போதும் ஜெட்டியில், கடல்நீரிலேயே கட்டிக் கிடக்கும். எஞ்சின் உள்ளே இருக்கும். விசிறியைச் சுழற்றும் ‘டிரைவ்’ என்ற அலுமினியப் பாகம் பின்பக்கம் நீருக்குள் நிற்கும். அதை முழுவதும் வெளியே தூக்க முடியாது.

சென்ற ஆண்டு பாசி சுரண்டக் கரையேற்றியபோது நானும் போனேன். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் டிரைவ் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசினேன். நடுவில் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிற உலோகத் துண்டுகளையும் விடவில்லை. படகு பளபளத்தது. மறுநாள் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து மறுபடி கரையேற்றினார்கள். சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அடியில் அலுமினியம் குழிகுழியாக அரித்திருந்தது.

“சிங்க் மேல யாரு சாயம் அடிச்சது?” என்று கேட்டார் மெக்கானிக் அண்ணன். நான் கையைத் தூக்கினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரி. எஃகு விசிறிக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் கரையும். அதைவிடச் சுலபமாகக் கரையும் துத்தநாகத் துண்டைப் பொருத்தினால், முதலில் அது கரைந்து டிரைவைக் காப்பாற்றும். சாயம் பூசினால் தண்ணீர் அதைத் தொடாது. அப்புறம் எப்படிக் கரையும்?

வீட்டுக்கு வந்து படித்தேன். 1824ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இதே வழியைச் சொல்லியிருக்கிறார். செம்பு தப்பியது. ஆனால் கரையும் செம்புதான் சிப்பிகளை விரட்டி வந்தது என்பதால், கப்பலின் அடியில் சிப்பிகள் அப்பிக்கொண்டனவாம்.

படகு வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடல்நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவைத் துண்டு, ஆற்று முகத்துவாரத்துக்கு அலுமினியக் கலவை, ஏரி போன்ற நன்னீருக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். பல மாதமாகியும் புதிதாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பாசியைத் தடுக்கும் செம்புச் சாயத்தை அலுமினிய டிரைவில் பூசவே கூடாது. கீறல் விழுந்தால், டிரைவுக்கு உரிய சாயத்தால் உடனே மூடுங்கள்.

பழுதுபார்த்த செலவில், அம்மாவும் அப்பாவும் போகவிருந்த லங்காவிப் பயணம் தள்ளிப்போனது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. “விடும்மா, எனக்கும்தான் தெரியாது,” என்றார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

போன மாதம் புதுத் துண்டுகளை நானே முடுக்கினேன். கழற்றிய பழையதில் ஒன்று என் மேசையில் இருக்கிறது, கறுப்புச் சாயத்தோடு, கொஞ்சமும் கரையாமல். வானொலியில் பெருமையடித்த எனக்கு, இதை அங்கே சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். லங்காவி டிக்கெட் என் செலவில் என்பதையும் அப்பா இதைப் படித்தே தெரிந்துகொள்ளட்டும்.