கியர் போடும் கை

வேகமாகக் கியர் போடுகிறவர்கள் மேல் நம் ஊரில் ஒரு பிரமிப்பு உண்டு. படக்கென்று ராடை இழுப்பார்கள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பாயும். எனக்கு அந்தக் குலுக்கல்தான் உறுத்தும். கியர் சரியாக விழுந்தால் பின் சீட்டில் தூங்குகிறவர் விழிக்கக் கூடாது.

கியர் பாக்ஸுக்குள் ஒவ்வொரு கியரை ஒட்டியும் சின்னதாக ஒரு வளையம் இருக்கும். பல வண்டிகளில் பித்தளை. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. சின்க்ரோமெஷ் எனப்படும் இந்த ஏற்பாடு 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் கியர் குறைக்க டபுள் கிளட்ச்தான்: மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கியர். ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர் ராடு வைத்த பழைய அம்பாசடரில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. ஓடும்போதே அதற்கு இறக்க, டபுள் கிளட்ச் பழகிய ஆள் வேண்டும்.

இன்றைக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் வளையம் உரசி முடிக்க ஒரு நொடிக்கும் குறைவான அவகாசம் கேட்கிறது. ராடை நியூட்ரல் வரை விரைவாகக் கொண்டுவரலாம். அங்கே லேசாகத் தடுக்கும்போது குத்தித் திணிக்காமல் மெல்ல அழுத்தினால் தானே உள்ளே போகும். இரண்டிலிருந்து மூன்றுக்கு உள்ளங்கையால் நேராக முன்னே தள்ளினால் போதும், ஸ்பிரிங்கே ராடை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். இறுக்கிப் பிடித்து வழி காட்டப் போனால் தவறிப்போய் ஐந்திலோ ஒன்றிலோ முட்டும். கியர் குறைக்கும்போது மட்டும் கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டுங்கள். இன்ஜின் சுற்று ஏறி, கீழ்க் கியரின் வேகத்தோடு ஒத்துப்போகும், குலுக்கல் இருக்காது.

இதையெல்லாம் பார்த்துப் பழகக் கொல்லிமலைப் பேருந்தில் முன் சீட்டில் உட்கார வேண்டும். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு தொடங்குமுன், வண்டி நேராக இருக்கும்போதே, ஓட்டுநர் கியரைக் குறைத்துவிடுவார். திரும்பும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். பார்க்க நிதானமாகத் தெரியும். ஆனால் வளைவின் நடுவே கியர் தேடித் தடுமாறுகிற கார்க்காரரைவிட அவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார். எந்தக் கியர், எப்போது என்று முன்கூட்டியே முடிவெடுப்பவருக்குக் கையில் அவசரம் தேவைப்படுவதில்லை.

கடைசியாக ஒன்று. கியர் விழுந்ததும் கையை ஸ்டியரிங்குக்கும் இடது காலைத் தரைக்கும் கொண்டுபோய்விடுங்கள். ராடின் மேல் கையை ஊன்றியே ஓட்டினால் உள்ளே ஃபோர்க் தேயும். கிளட்ச் மேல் கால் இருந்தால் பிளேட் தேயும். இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் பணம் கட்டப் போவது நாம்தான்.