எந்தக் கார் நல்ல கார்?

எங்கள் குடும்பத்தில் அரசியல் கட்சிகள் கிடையாது. கார்க் கட்சிகள்தான் உண்டு. அப்பா அம்பாஸிடர் கட்சி. மாமா பியட் கட்சி.

"என் என்ஜின் 1489 சி.சி.; உன்னுடையது 1089. பாக்கி 400 சி.சி.க்கு எங்கேடா போவாய்?" என்பார் அப்பா.

"எடையைப் பாருங்கள், அத்திம்பேர்! என் வண்டி 200 கிலோ இளைத்தது. யானைக்குத் தீனி அதிகம் என்பதற்காகக் குதிரையை முந்திவிடுமா?" என்பார் மாமா.

பிற்காலத்தில் நானே கணக்குப் போட்டேன். அம்பாஸிடருக்குச் சுமார் 50 குதிரைச் சக்தி, 1100 கிலோவுக்குக் குறையாத எடை. பியட்டுக்கு நாற்பதுக்குச் சற்று மேல், 900 கிலோ. ஆக, ஒரு குதிரை இழுக்கும் பாரம் இரண்டிலும் ஏறத்தாழ 22 கிலோ! இந்தக் கணக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒரு குடும்பச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

1979-ல் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுவரை இருவரும் பந்தயம் விட்டார்கள். நடுவில் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. மாமா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். "ஜெயித்தேன்" என்றார் மாமா. "கேட் ஜெயித்தது" என்றார் அப்பா. அத்துடன் பேச்சு நின்றது. மூன்று தீபாவளி வந்து போயிற்று.

1982 தீபாவளிக்குக் கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் கூடியிருந்தோம். விடியற்காலையில் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும், 40 கிலோமீட்டர். மாமா தம் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தார். அகலத்தில் அது அம்பாஸிடரைவிட 20 சென்டிமீட்டர் குறைவு. பேசாமல் மூடிவிட்டு அப்பாவின் எதிரே வந்து நின்றார்.

அப்பா சாவியை நீட்டினார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமாதான் ஓட்டினார். இரண்டு வண்டியிலும் கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் அவருக்குச் சிரமமில்லை. பின்ஸீட்டில் அம்மாவின் மடியில் பாட்டியின் தலை.

அய்யம்பேட்டை தாண்டியதும், "பள்ளம் வருது, மெதுவாப் போடா" என்றார் அப்பா.

"சரி, அத்திம்பேர்."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பாட்டி கண்ணை மூடியபடியே அம்மாவின் கையை அழுத்தினாளாம்.

ஒரு மாதம் கழித்துப் பாட்டி பியட்டில் உட்கார்ந்தபடி வீடு திரும்பினாள். "எந்த வண்டி சுகம்?" என்று இருவரும் ஆவலாகக் கேட்டார்கள்.

"இரண்டும் ஒரே மாதிரிதாண்டா தூக்கிப் போட்டது" என்றாள் பாட்டி. சரியான தீர்ப்பு! பின்னால் இரண்டுக்கும் பட்டை ஸ்பிரிங்தானே?

பியட்டுக்குப் பிறகு பத்மினி என்று பெயர் மாறியது. பம்பாய் டாக்ஸிகளில் கடைசிப் பத்மினியும் 2023-ல் விடைபெற்றது. உத்தரபாராவில் அம்பாஸிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பாட்டி இல்லை, அப்பாவும் மாமாவும் இல்லை. என்னிடம் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது. தப்பென்று சண்டைக்கு வரத்தான் ஆள் இல்லை.