கண்ணகி நகரில் ஒரு ‘பிடி’ பாடம்!

அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் வந்து, ராஜீவ் காந்தி சாலையில் தெற்கே போனால் ஐ.டி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டும். துரைப்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், கண்ணகி நகர்.

சென்னையின் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000 வாக்கில் இங்கே குடியமர்த்தத் தொடங்கினார்கள். 2020-ல் சுவர்களில் பிரமாண்ட ஓவியங்கள் வந்தன. ஆனாலும், வேலை தேடும் இளைஞர்கள் ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்குத் தயங்கித்தான் பதில் சொன்னார்கள்.

2025 அக்டோபரில் அந்தத் தயக்கம் கொஞ்சம் உடைந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணை கேப்டன் கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது.

‘நம்ம பொண்ணையும் கபடியில் சேர்க்கலாமா?’ என்று யோசிக்கும் பெற்றோருக்கு அடுத்த நொடியே வரும் கேள்வி, ‘அடிபட்டுட்டா?’

நியாயமான கேள்விதான். பதில், பிடியை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளே பாடி வருபவர் மேல் பாயச் சொல்ல மாட்டார். முதல் பாடம், விழுவது. கையை ஊன்றாமல், தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, தோள் பக்கமாக உருள வேண்டும். அடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அசையாமல் நிற்கும் ஜோடியின் கணுக்காலைப் பிடிப்பது. பிறகு நடந்து வருபவர். வேகம் கடைசியில்தான்.

பிடிக்கும்போது கண் திறந்தே இருக்க வேண்டும். தலை, எதிராளியின் முழங்காலுக்கு நேரே போகாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பயத்தில் கண்ணை மூடித் தலையைக் குனிந்தால், முழங்கால் முகத்தில் இடிக்கும். அரைமனதாகப் பிடிப்பதுதான் ஆபத்து. அதனால்தான் பயம் தெளியும்வரை மெதுவான பயிற்சியே திரும்பத் திரும்ப நடக்கும். தனியாகப் பாயாமல், இருவர் கைகோத்துப் பிடிக்கும் ‘சங்கிலி’யும் நம்பிக்கை தரும்.

விதிகளும் துணை நிற்கின்றன. வாயைப் பொத்தக் கூடாது, முடியையோ சட்டையையோ இழுக்கக் கூடாது, கால்களால் கத்தரி போடக் கூடாது.

மயிலாப்பூரோ, தி.நகரோ... பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மாலை பயிற்சியை உட்கார்ந்து பாருங்கள். தரை மெத்தென்று இருக்கிறதா? ஒத்த வயது, எடை உள்ளவர்களை ஜோடி சேர்க்கிறார்களா? நகம் வெட்டி, தோடு, வளையல் கழற்றச் சொல்கிறார்களா? தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்துகிறார்களா?

‘இடிக்காம தள்ளி நில்லு’ என்று கேட்டே வளரும் நம் பெண் பிள்ளைகளுக்கு, நெருங்கி நின்று பிடிக்கவும், விழுந்தால் எழவும் கற்றுத்தரும் இடம் அது. நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்!