ஊர் தெற்கே, ஓலை வடக்கே

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீகாரியம் தாண்டினால் காரியவட்டம், அதையும் தாண்டினால் கழக்கூட்டம். கோட்டை கொத்தளம் பார்க்கலாம் என்று யாரும் இங்கே வர வேண்டியதில்லை. இருந்த பெரிய வீட்டையும் இடித்து, இடித்த இடத்தில் குளம் தோண்டிவிட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. வேணாட்டு அரசியலை ஆட்டிவைத்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா அந்த எட்டுக் குடும்பங்களையும் வேரோடு சாய்த்தார். ஆண்களுக்குத் தூக்கு, பெண்களும் பிள்ளைகளும் கடற்கரைக்கு, வீடு நின்ற மண்ணில் குளம் என்று மரபு விரிவாகச் சொல்கிறது. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு வென்றவர் தரப்புக் கதை என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனதாக இல்லை. இதை வைத்துச் சி. வி. ராமன் பிள்ளை எழுதிய நாவல்கள் வந்த பிறகு கதையே வரலாறாக நிலைத்துவிட்டது.

எட்டு வீட்டின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: ராமனாமடம், மார்த்தாண்டமடம், குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குடமண், வெங்ஙானூர். இதில் குளத்தூர், கழக்கூட்டம், செம்பழந்தி என்ற மூன்று ஊர்களும் இன்று கல்லூரிகளின் முகவரி. 1939இல் நகரத்துக்குள் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி பின்னால் குளத்தூருக்கு வந்து சேர்ந்தது. நாராயண குரு பிறந்த செம்பழந்தியில் அவர் பெயரிலேயே கல்லூரி இருக்கிறது. கழக்கூட்டத்தைச் சுற்றிச் சைனிக் பள்ளி, பெண்கள் தொழிற்பயிற்சி நிலையம், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம், அதையொட்டி 1985இல் வந்த லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி. பிள்ளைமாரின் சாபம் என்றோ வரம் என்றோ சொல்ல ஒன்றுமில்லை. நகரத்தின் வடக்கு விளிம்பில் செம்மண் மேடு, விலை குறைந்த நிலம், பக்கத்திலேயே நெடுஞ்சாலை, ரயில் நிலையம். இருபதாம் நூற்றாண்டில் கல்லூரி கட்ட நினைத்தவர்கள் தேடியது இதைத்தான்.

அந்தக் காரியவட்டம் வளாகத்துக்குத் தமிழ் வாசகர் ஒருமுறை போய்வர வேண்டும். கட்டடங்களுக்காக அல்ல. சிமென்ட் காலத்துக் கட்டடங்கள், அகேசியா மரங்கள், மாணவர்கள் ஹைமவதிக் குளம் என்று அழைக்கும் ஒரு குளம், அதற்கு ஒரு பேய்க்கதை. கேரளத்தில் எந்த வளாகத்துக்கும் ஒரு பேய் உண்டு, இங்கும் குறைவில்லை. பார்க்க வேண்டியது வேறு. குமரி மாவட்டத்தின் பழைய நினைவில் பெரும்பங்கு இங்கே ஓலைக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அரசர் சித்திரைத் திருநாள். முதல் துணைவேந்தர், திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அதற்கு முன்பு இந்தச் சமஸ்தானத்தின் உயர்கல்வி சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுத்தாளை எதிர்பார்த்துக் கிடந்தது. 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி, 1866இல் கல்லூரியான மகாராஜா கல்லூரிதான் அதன் முதுகெலும்பு. இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி அதுவே. ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்ததும், திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடி அலைந்ததும் அங்கிருந்தபடிதான்.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1940களில். அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். மு. இராகவையங்கார் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவருக்குப் பின் 1951இல் எஸ். வையாபுரிப் பிள்ளை மதிப்புறு பேராசிரியராக அமர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்தவர் அவர். இளமையில் இதே திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். இருவரும் கருத்தில் எதிரெதிர் துருவங்கள். பழமையை நம்பி எழுதியவர் ஒருவர், நூல்களின் காலத்தைக் கீழே இறக்கி ஊரெல்லாம் வசை வாங்கியவர் மற்றவர். ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து இருவரையும் உட்காரவைத்த பல்கலைக்கழகம் அன்று தமிழ்நாட்டில் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதற்கிடையில் எல்லைக்கோடு நகர்ந்தது. அதுவும் ஒரு நவம்பர் 1, ஆண்டு 1956. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அடுத்த ஆண்டே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நாகர்கோவில் கல்லூரிகள் சென்னையோடு இணைந்தன. பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும், அது தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும், கேரள அரசு தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி ஓலைகளின் கதை. ஊர்கள் தெற்கே போயின, அந்த ஊர்களிலிருந்து அதற்கு முன்பே திரட்டியிருந்த சுவடிகள் வடக்கே நின்றுவிட்டன.

ஓர் உதாரணம் சொன்னால் போதும். திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி திருவிதாங்கூர் அரசின் சமஸ்கிருத நூல் வெளியீட்டுப் பணிக்குத் தலைமை ஏற்றவர். 1909இல் பத்மநாபபுரத்துக்கு அருகிலுள்ள மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த பனையோலைக் கட்டு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. உள்ளே பத்து நாடகங்கள், பதினோராவதின் தொடக்கம். பாசன் என்ற பெயரைக் காளிதாசனே மரியாதையோடு சொல்லியிருந்தும், அவன் எழுதியது எதுவும் கையில் இல்லாமல் அறிஞர்கள் பல நூற்றாண்டு இருந்தார்கள். இது பாசனுடையதே என்று சாஸ்திரி சொன்னார். 1912 முதல் நூல்கள் வரிசையாக அச்சேறி மொத்தம் 13 நாடகங்கள் ஆயின. எல்லாம் ஒருவர் எழுதியவையா, கேரளத்துச் சாக்கையார்கள் மேடைக்கேற்ப வெட்டி ஒட்டியவையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. மணலிக்கரை இன்று தமிழ்நாடு. கணபதி சாஸ்திரி வளர்த்த அந்தச் சேகரிப்பின் வாரிசு, கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், கையெழுத்துச் சுவடி நூலகம் என்ற பெயரில் காரியவட்டத்தில் இருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகள்: சமஸ்கிருதம், மலையாளம், தமிழ், எழுத்திலோ கிரந்தமும் மலையாளமும் தமிழும் கலந்து கிடக்கும். ஓலைக்குப் பகை மூன்று: ஈரம், பூச்சி, பிரித்துப் பார்க்காத மனிதன். முதல் இரண்டுக்கும் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிக் காற்றாட வைக்கலாம்.

ஏடு நிலைக்கும், கல்விச்சாலைகள் தரையில் தடம் விடுவதில்லை என்பதற்கு இதே தெற்குச் சீமையில் இன்னும் பழைய சாட்சி உண்டு. குமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம். கி.பி. 866இல் ஆய் அரசன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தைப் பெற்றான். பறிக்கவில்லை, பதிலுக்கு வேறு நிலம் கொடுத்து வாங்கினான். அங்கே விஷ்ணு கோயில் எழுப்பி, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். சட்டர் என்றால் அங்கே தங்கிப் படித்த மாணவர். திருவனந்தபுரத்தின் ஹஜூர் கச்சேரியில் கிடந்து, டி. ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்த செப்பேடு இவ்வளவையும் தமிழில் சொல்கிறது.

அந்த ஏட்டைப் படிக்கிறபோது ஒரு கல்லூரியின் சட்டதிட்டக் கையேட்டைப் படிப்பதுபோலவே இருக்கும். இடங்கள் வேதப் பிரிவுவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன: பவிழியர்க்கு 45, தைத்திரியர்க்கு 36, தலவகாரர்க்கு 14. சேர விரும்புகிறவர்க்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறைக்கு உதவுகிற தகுதியும் வேண்டும். பாடம் முடித்தவர்கள் நிர்வாக வேலைக்குப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். பிறகு தண்டனைகள். தமக்குள் சண்டை போட்டால் அபராதம். சாலைக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. நடந்திராத குற்றத்துக்கு யாரும் விதி எழுதுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு விடுதி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலைக்கு முன்மாதிரி காந்தளூர்ச் சாலை என்று செப்பேடே சொல்கிறது. திருவனந்தபுரத்தின் வலியசாலைதான் அது என்பது பரவலான கருத்து. முதலாம் ராஜராஜன் தன் வெற்றிகளில் முதலாவதாகக் காந்தளூரில் ‘கலம் அறுத்ததை’ வைத்தான். கப்பலை அழித்தான் என்று தொடக்கக் கால அறிஞர்கள் கொண்டார்கள். திருவனந்தபுரத்தில் தமிழாசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதை மறுத்து, கலம் என்பது உணவுக்கலம் என்று ஒரு நூலே எழுதினார். சாலை மாணவர்க்குரிய உணவும் உதவியும்தான் பேச்சு என்ற இந்தப் பக்கத்துக்குப் பார்த்திவபுரத்துச் செப்பேடு வலுச் சேர்க்கிறது, அதில் 95 இடங்களும் கலக் கணக்கில்தான் எழுதப்பட்டுள்ளன. ஆனாலும் துறைமுகம், கடற்படை என்று வாதிடுவோர் இன்றும் உண்டு.

காந்தளூரைத் ‘தெற்கின் நாளந்தா’ என்று அழைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. அதைப் பார்த்துக் கட்டிய சாலையில் 95 பேர், அத்தனை பேரும் பிராமணர், அதிலும் மூன்று பிரிவினர் மட்டும். அதைச் சிறிதென்று ஒப்புக்கொண்டாலும் அதன் மதிப்புக் குறையாது. ஒரு கல்வி நிலையத்தின் நிலம், இடம், தகுதி, ஒழுங்கு என்று இத்தனையும் எழுத்தில் கிடைத்திருக்கிற இடம் நமக்கு எத்தனை இருக்கிறது? பார்த்திவபுரத்தில் இன்று கோயில் நிற்கிறது, சாலை இல்லை. வலியசாலையிலும் அப்படியே. சாமிக்குக் கல், மாணவனுக்கு ஓலைக்கூரை என்று அன்று கட்டினார்கள் போலிருக்கிறது. எழுதி வைத்த ஏடு மட்டும் மிச்சம்.

இந்தக் கண்ணோடு மீண்டும் காரியவட்டத்துக்கு வந்தால், அங்கும் நிலத்தின் கதைதான் முன்னே நிற்கும். 1960களிலிருந்து பல்கலைக்கழகத் துறைகள் ஒவ்வொன்றாக நகரத்திலிருந்து இங்கே நகர்ந்தன. நிர்வாகம் மட்டும் பாளையத்தில் செனட் ஹவுஸிலேயே தங்கிவிட்டது. வாங்கிய நிலம் பெரிது, கட்டியது கொஞ்சம். காலி நிலத்தைப் பார்த்தால் அரசுக்குக் கை சும்மா இருக்குமா? 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கிரீன்ஃபீல்ட் விளையாட்டரங்கம் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்தது. 2017 நவம்பரில் நியூசிலாந்தோடு இருபது ஓவர் ஆட்டம் நடந்தபிறகு ‘காரியவட்டம்’ என்றால் கிரிக்கெட் என்றாகிவிட்டது. கழக்கூட்டம் பக்கம் 1990இல் டெக்னோபார்க் வந்து, ஊரின் வாடகையையும் தேநீர்க்கடையையும் இரவு நேரத்தையும் மாற்றிவிட்டது. அந்த வளாகத்துக்குள் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 2020இல் டிஜிட்டல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையின் மேலே மேம்பாலச் சாலை போகிறது.

தமிழுக்கு இந்த மேட்டில் நிலையான வேலை செய்தவர் வ. ஐ. சுப்பிரமணியம். 1926இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1957இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையிலும், 1963இல் தொடங்கிய மொழியியல் துறையிலும் தலைமை வகித்தார். புறநானூற்றுக்கு அவர் உருவாக்கிய சொல்லடைவு 1962இல் வெளியாயிற்று. ஒவ்வொரு சொல்லையும் அது வரும் இடத்தோடும் இலக்கணத்தோடும் தேடித் தருகிற நூல், கணினி வராத காலத்தில். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானபோது தனிநாயகம் அடிகளோடு நின்றவர். அதே ஆள் இங்கே மலையாளக் கிளைமொழிகளைச் சாதிவாரியாக, வட்டாரவாரியாகக் களத்தில் திரட்டி நூலாக்கினார். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மலையாளிகளுக்கு அவர்கள் பேச்சின் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தார் என்பது இரண்டு பக்கத்திலும் அதிகம் பேசப்படாத செய்தி.

1971இல் திராவிட மொழியியற் கழகம், மறு ஆண்டு அதன் ஆய்விதழ், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி என்று அவர் தொடங்கியவை வரிசையாக வந்தன. அந்தப் பள்ளி கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் மேனங்குளத்தில் இருக்கிறது. அஞ்சல் முகவரி தும்பா புனித சேவியர் கல்லூரியினுடையது. 1963இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பாக் கடற்கரை அங்கிருந்து தூரமில்லை. அங்கே ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் கொண்டுபோன படத்தை நாடே பார்த்திருக்கிறது. மேனங்குளத்தில் உட்கார்ந்து தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டுத் திராவிடக் கலைக்களஞ்சியம் தயாரித்தவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனார். பின்னர் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி வைக்கவும் அவரையே அழைத்தார்கள். 2009இல் காலமானார்.

குமரிப் பக்கத்து ஆய்வு மாணவர்கள் தங்கள் ஊர் வரலாற்றுக்குச் சென்னை ஆவணக் காப்பகத்தையும் எழும்பூர் நூலகத்தையும் தேடிப் போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் 1956க்கு முந்தைய தெற்குத் திருவிதாங்கூரின் ஓலைகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தில்தான் இருக்கும், நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் கழக்கூட்டத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து காரியவட்டத்துக்குப் பேருந்தில் சில நிமிடம். மலையாள எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிரந்தமும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது.