தொட்டியில் ஊற்றும் முன்

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் பழைய சாலையில் லகாட். சாலையோரச் சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் தாத்தா, பேத்தி, பேரன். பேரனின் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்கிறது. அவன் கண் மடிக்கணினியில்.

பாலிடெக்னிக்கில் படிக்கிறானாம். சிறுதோட்டக்காரர்கள் விற்கும் ரப்பர் பாலுக்குப் பணம் கணக்கிடும் நிரலை சி மொழியில் எழுதுகிறான். பாலின் எடை, அதிலுள்ள உலர் ரப்பரின் சதவீதம், அன்றைய விலை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை பூஜ்யம்.

"காலையிலேருந்து இப்படித்தான்க்கா."

அக்கா நிரலைப் படிக்கவில்லை. கம்பைலரை அழைக்கும் வரியில், எச்சரிக்கைகளைக் காட்டு என்ற கட்டளையை மட்டும் சேர்த்து ஓட்டினாள்.

"பதினேழாவது வரி. சதவீதம் பூஜ்யமான்னு கேக்க ரெண்டு சமக்குறி வேணும். நீ ஒண்ணுதான் போட்டிருக்க. கேக்கறதுக்குப் பதிலா பூஜ்யத்தை உள்ள வச்சிட்ட."

"எர்ரர் ஒண்ணும் வரலையே?"

"சி இலக்கணப்படி அது சரிதான்டா. அதனால கம்பைலர் சந்தேகம்னு மட்டும் சொல்லும். நீ அதைப் பேசவே விடல."

திருத்தினாள். கணக்குக்கு முன்னால் அசெர்ட் வரி ஒன்றும் எழுதினாள்: சதவீதம் 0-க்கு மேல், 100-க்குள். பொய்த்தால் நிரல் அங்கேயே நிற்கும். கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டும்.

"நின்னு போறதுதான் நல்லதா?"

அதுவரை தே தாரிக்கை ஆற்றிக்கொண்டிருந்த தாத்தா நிமிர்ந்தார். "அப்ப எங்க ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோர்ல என்ன செஞ்சாங்க? ஒவ்வொரு ஆளு பாலுலயும் கொஞ்சம் மொண்டு, கண்ணாடி மானிய மிதக்க விடுவாரு கணக்கு எழுதற கிராணி. ரப்பர் தண்ணிய விட லேசு. தண்ணி கலந்திருந்தா மானி மேல எழும்பி நிக்கும். அங்கேயே ஆளு தெரிஞ்சிரும். எல்லாத்தையும் தொட்டியில ஊத்திட்டு அப்புறம் மானிய விட்டா, யாரு வாளின்னு எவன் சொல்லுவான்?"

அக்கா சிரித்தாள். "1949-ல கேம்பிரிட்ஜ்ல கணினி முன்னோடி ஆலன் டூரிங்கும் இதைத்தான் சொன்னாரு, தாத்தா. பெரிய நிரலை மொத்தமாப் பார்த்து மலைக்காதே, இடையிடையே இங்க இது உண்மையா இருக்கணும்னு எழுதி வை, ஒவ்வொண்ணாச் சரிபார்க்கலாம்னு."

தம்பி வேண்டுமென்றே 350 என்று தட்டினான். நிரல் நின்றது. முகத்தில் வெற்றி. "பாரு, பால் வாங்குறவரு கை தவறினா இப்படியா படுக்கும்?"

"அது மனுசன் தப்பு. இஃப் போட்டு மறுபடி கேளு. அசெர்ட் நம்ம தப்புக்கு. உள்ளே வரவே கூடாத எண் வந்துட்டா கத்தறதுக்கு."

"புராஜெக்ட் குடுக்கறப்ப எடுத்துடலாமா?"

"என்டிபக்னு ஒரு பேரைச் சேர்த்து கம்பைல் பண்ணினா எல்லா அசெர்ட்டும் போயிடும்."

"துரை வர்ற அன்னைக்கு மட்டும் மானிய ஒளிச்சு வச்சாப்ல," என்றார் தாத்தா.

தம்பி எடுக்கவில்லை. எச்சரிக்கை இருந்தாலே நிரல் உருவாகாது என்ற கட்டளையையும் தானே சேர்த்து ஓட்டினான். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சலித்துக்கொண்டே முதலாவதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான்.