கச்சத்தீவில் ஓர் இரவு

சிலமலையிலிருந்து சமுத்திரம் வெகு தூரம். எங்கள் ஊரில் அலை என்றால், காலை வேளையில் போடிமெட்டுச் சரிவில் புரண்டு இறங்கும் மேகத்தைத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களாகிய தம்பதிகள் நாங்கள் ஒரு தீவுக்குப் படகேறிப் போய் ஓர் இரவு தங்கி வந்தோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்துச் சுவரில் பூகோளப் படத்தை மாட்டி, பிரம்பு நுனியால் கச்சத்தீவைத் தொட்டு, "இது நம்முடையதாயிருந்தது" என்று இருபது வருஷமாகப் பாடம் சொல்லி வருபவர். மற்றவர் அதே பாடத்தை வீட்டிலும் கேட்டு அலுத்தவர். "பார்த்திராத இடத்தைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்? ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுங்களேன்" என்று அவர் சொன்னதே இந்தப் பிரயாணத்துக்கு வித்து.

நினைத்த மாத்திரத்தில் கச்சத்தீவுக்குப் போய்விட முடியாது. வருஷம் ஒரு முறை, கிறிஸ்தவர்களின் தவக் காலத்தில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கே யாத்திரிகர் போகலாம். 1974-ம் வருஷத்து ஒப்பந்தத்தில் தீவு இலங்கையின் பக்கம் என்று முடிவானபோது, அங்கே வரும் இந்திய யாத்திரிகர்களிடம் பிரயாணப் பத்திரமும் விஸாவும் கேட்பதில்லை என்ற ஷரத்தும் எழுதப்பட்டது. யுத்தத்தால் நெடுங்காலம் தடைப்பட்ட விழா 2010-ல் புத்துயிர் பெற்றது. 2024-ல் இராமேசுவரத்து மீனவர்கள், இலங்கையில் சிறைப்பட்ட தங்கள் தோழர்களுக்காக அதைப் புறக்கணித்தார்கள். நாங்கள் போனது 2025 மார்ச்சு 14-ந் தேதி.

போடியில் ரெயிலேறி மதுரைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் இராமேசுவரத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். அடையாளச் சீட்டு, போலீஸ் அத்தாட்சி, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து படகில் கால் வைக்கையில் வெயில் ஏறிவிட்டது. அது இழுவை வலை போடும் விசைப்படகு. விழாவுக்காக வலையையும் பலகைகளையும் இறக்கி வைத்திருந்தார்கள்; அவை உராய்ந்த தழும்புகள் மட்டும் பின்புற மரத்தில் இருந்தன. படகுக்காரரின் மைத்துனர் இலங்கைச் சிறையில் ஆறு மாதம் இருந்து மீண்டவராம். "ஆள் வந்துட்டான் சார், படகு வரல்லே" என்றார்.

கரை மறைந்ததும், பூகோளம் போதிக்கிறவருக்குத் தலை சுற்றியது. அவரைக் காப்பாற்றியது கடலறிவு அல்ல, மனைவியின் சுருக்குப் பையிலிருந்த ஏலக்காய்! இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதையே மென்றுகொண்டு போய்ச் சேர்ந்தார்.

தீவு தெரிந்தபோது, இதற்காகவா இவ்வளவு வாதம் என்றுதான் தோன்றியது. 285 ஏக்கர் நிலம். முட்புதர், மணல், பவளக் கல். குடிதண்ணீர் கிடையாது. இலங்கைக் கடற்படையினரைத் தவிரக் குடிகள் இல்லை. பழைய சிற்றாலயத்தோடு 2016-ல் கட்டி முடித்த புதிய ஆலயமும் இருக்கிறது. மனிதர் செவிசாய்க்காதபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்தாரென்று அந்தோணியாரைப் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. மீனவர்கள் அவரைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

மாலையில் கொடியேற்றி, சிலுவைப் பாதை நடந்து, இருட்டிய பின் தேர் பவனி வந்தது. இரு கரையாரும் ஒரே மணலில் ஒரே தமிழில் ஜபம் செய்தார்கள். கிறிஸ்தவர்களல்லாத நாங்களும் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

கூடாரத்தில் எங்களுக்கு அடுத்த பாயில், யாழ்ப்பாணத் தீவுப் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மாள் இரண்டு பெண்களோடு படுத்திருந்தாள். "நீங்கள் எவடம் அக்கா?" என்று அவளே பேச்சைத் துவக்கினாள். மலை நாடு என்றதும், அந்தப் பெண்கள் ஏலக்காயை வாங்கி முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். வெகு நேரம் கல்யாணம், காய்கறி விலை என்று பேச்சுப் போயிற்று. வாத்தியார்தான் வாயை வைத்துக்கொண்டிராமல், "உங்கள் கடற்படை எங்கள் மீனவர்களை இப்படி வருத்தலாமா?" என்று கேட்டுவிட்டார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, சண்டைக்குள்ளை எங்களைக் கடலுக்குப் போக விடேல்லை. சண்டை முடிஞ்சுது எண்டு கடன்பட்டு வலை வாங்கினம். உங்கட ஆக்கள் ராவிலை இழுவை மடியோடை வந்து அதை அறுத்துக்கொண்டு போகினம். ஒருக்கா இல்லை, மூண்டு தரம். இவளின்ரை தோடு அந்தக் கடனுக்குத்தான் போனது" என்று மூத்த பெண்ணின் வெறுங் காதைக் காட்டினாள். பிறகு, கோபமில்லாமலே கேட்டாள்: "நீங்கள் எந்தப் படகிலை வந்தனீங்கள்?"

எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. இலங்கையில் இழுவை மடியை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்பதைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். தடுத்தவர்கள் யாருடைய வலையை எண்ணித் தடுத்தார்களென்று வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. சற்றுப் பொறுத்து, "இழுவைப் படகில்தான் தங்கச்சி" என்று மனைவியார் மெள்ளச் சொன்னார். அவள் தலையை அசைத்தாள். இளைய பெண்ணின் போர்வையைச் சரி செய்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து பிரிகையில் எஞ்சிய ஏலக்காயை அவளிடம் கொடுத்தோம். வேண்டாமென்னாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு பனங்கட்டிக் குட்டான்களை எங்கள் கையில் வைத்தாள்.

திரும்பும்போது மனைவியார் ஒரு குட்டானைப் பிரித்துப் படகுக்காரரிடம் நீட்டி, அது வந்த வழியையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் வெகு நேரம் சுக்கானைப் பிடித்தபடியே இருந்தார்.

"அந்தம்மா சொன்னது பொய்யில்லேம்மா. வலை அந்து போறது எங்களுக்கும் தெரியும். நம்ம பக்கம் தரையைக் கீறிக் கீறி மீனு அத்துப் போச்சு. படகு மேலே கடன் இருக்கு, அந்தப் பக்கம் போகாம என்ன செய்ய?" என்றார். பின், பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இராமேசுவரத்தில் சுங்க அதிகாரி மற்ற குட்டானைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, "அங்கே வாங்கியதா?" என்று விசாரித்தார்.

"இல்லை, கொடுத்தார்கள்" என்றோம்.