குழம்பு வெள்ளம்!

பி.காம். படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டதுதான். முதலில் விலை. அப்புறம்தான் பதார்த்தம்!

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது திருவல்லிக்கேணியில். வேலை தேடி சென்னை வந்த புதிதில் அங்கே ஒரு மேன்ஷன் வாசம். ஒரு ரூம், மூன்று பேர், ஒரு ஃபேன். அப்பா அனுப்பும் பணம் இருபதாம் தேதியோடு சரி. அதற்கப்புறம் பர்ஸில் இருப்பது முருகன் படம் மட்டும். அந்த நாட்களில் நான் கண்டுபிடித்ததுதான் ரத்னா கபே. 'கண்டுபிடித்தேன்' என்றால் சிரிப்பீர்கள். 1948-லிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த மாதிரி!

இரண்டு இட்லி சொல்வேன். சர்வர் சாம்பாரோடு வந்து ஊற்றுவார். இட்லி மூழ்கும். கால் இட்லி தீர்வதற்குள் மொத்த சாம்பாரும் காலி! மறுபடி ஊற்றுவார். மூன்றாவது தடவை கேட்க எனக்குக் கூச்சம். ஒரே ஒரு சர்வர் மட்டும், நான் கேட்பதற்கு முன்பே வந்து ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார். பார்த்திருந்தால் அவமானத்தில் எழுந்து ஓடியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

வருஷங்கள் ஓடி, கணக்கு வேலையாக மலேசியாவின் பினாங்குக்குப் போனேன். தங்கியது ஜார்ஜ் டவுனில். 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். முதல் நாள் ஒரு ஏ.சி. ரெஸ்டாரென்ட். தட்டு பெரிசு, சோறு சிறிசு, பில் ரொம்பப் பெரிசு!

மறுநாள் ராத்திரி போர்டைப் பார்க்கவில்லை. மூக்கு இழுத்த வழியில் நடந்தேன். ஒரு சந்தில் நீள க்யூ. டை கட்டியவர், லுங்கி கட்டியவர், மலாய்க்காரர், சீனர், நம்மவர்... எல்லாரும் ஒரே வரிசையில். நல்ல ஓட்டலுக்கு இதைவிட வேறென்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?

அது நாசி கண்டார் கடை. மலாயில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித் தடி. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டி என்று தொங்கவிட்டு, அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் தெருத் தெருவாக விற்ற சாப்பாடு. அப்புறம்தான் கடைகள் வந்தன. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-லேயே தொடங்கியது என்றால் பாருங்கள்!

எனக்கு முன்னால் நின்ற சீனப் பையன் "பாஞ்சிர்!" என்றான். வெள்ளம் என்று அர்த்தமாம். கோழிக் குழம்பு, மீன் குழம்பு என்று சட்டிக்கு ஒரு கரண்டியாக விழ, சோறு மூழ்கியது. எனக்குச் சட்டென்று திருவல்லிக்கேணி ஞாபகம்.

என் முறை வந்தது. விலைப் பலகையைத் தேடினேன். கிடையாது! தட்டை ஒரு பார்வை பார்த்து ஒரு தொகை சொல்கிறார்கள். எனக்குள்ளிருந்த பி.காம். அலறினான். பையில் கை விட்டால் சில்லறை நோட்டுகள்தான். மீதிப் பணம் ரூமில்.

"அண்ணே, இவ்வளவுதான் இருக்கு. இதுக்குள்ள ஏதாவது..."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. "ஊரு எது தம்பி?"

"சென்னைங்க."

"முதல்ல சாப்பிடுங்க."

ஒரு கோழித் துண்டு, நாலு வெண்டைக்காய், மேலே வெள்ளம். வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். முகத்தைப் பார்க்கவேயில்லை! சாப்பிட்டு முடித்துக் காசை நீட்டினேன். ஒரு ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தார். "டீ குடிங்க தம்பி."

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக திருவல்லிக்கேணி போனேன். பர்ஸ் நிறையப் பணம். அந்த சர்வருக்கு டிப்ஸ் வைக்க வேண்டும். ஆனால் அவர் இல்லை. எப்போதோ போய்விட்டாராம்.

எதிர் டேபிளில் ஃபைலோடு ஒரு பையன். இரண்டு இட்லி. கால் இட்லி முடிவதற்குள் சாம்பார் காலி. அவன் பில்லை நான் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் கை பர்ஸுக்குப் போனது. அப்புறம் குனிந்து என் இட்லியைப் பார்த்துக்கொண்டேன். புது சர்வர் சாம்பாரோடு அந்தப் பக்கம் போனார்.